பாட்டே பள்ளிக்கூடமான மொழி: யான் டிரெப்சிக்கும் கஷுபிய இலக்கியமும்

கஷுபியர்களுக்கு நாட்டுப்பண் இரண்டு. போலந்தின் வடக்கே, பால்டிக் கடலோரத்தில், க்டான்ஸ்க் துறைமுகத்துக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் கிடக்கும் ஏரிகளும் காடுகளும் நிறைந்த சிறு நிலப்பகுதி அவர்களுடையது. தனி நாடு இல்லை, தனி மாகாணம்கூட இல்லை. இருந்தும் எந்தப் பாட்டுக்கு எழுந்து நிற்பது என்பதில் இன்றுவரை உடன்பாடு வரவில்லை. ஒரு சாரார் பாடுவது, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் ஹியரோனிம் டெர்டோவ்ஸ்கியின் நெடுங்கவிதையிலிருந்து பிறந்த அணிவகுப்புப் பாட்டு. கடவுளின் பக்கம் நிற்போம், பகைவனை விரட்டுவோம் என்பது அதன் சாரம். மறுசாரார் பாடுவது யான் டிரெப்சிக் என்ற பள்ளி ஆசிரியர் 1950களில் எழுதி மெட்டமைத்த 'பிறந்த மண்'. அதில் போரும் இல்லை, பகைவனும் இல்லை. ஆனால் கஷுபிய நாட்டின் எல்லையை அது க்டான்ஸ்கிலிருந்து மேற்கே ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரத்து வாயில்வரை நீட்டிவிடுகிறது. இடைக்காலத்தில் பொமரேனிய ஸ்லாவியர்களும் அவர்களுடைய உறவினங்களும் வாழ்ந்த பரப்பு அது. இன்றைய வரைபடத்தை வைத்துப் பார்க்கும் அதிகாரிக்கு அந்த வரி உறுத்தாமல் இருக்காது.

இந்த இரண்டாவது பாட்டை எழுதியவர் கவிஞர் மட்டுமல்ல. பத்திரிகை நடத்தியவர், அகராதி தொகுத்தவர், பாடகர் குழுக்களைப் பழக்கியவர், அருங்காட்சியகம் அமையப் பாடுபட்டவர். கஷுபிய இலக்கிய வரலாற்றைப் புரட்டினால் இப்படிப்பட்டவர்களே வரிசையாக வருகிறார்கள். மருத்துவரும் பாதிரியாரும் ஆசிரியரும் கவிதையை எழுதிவிட்டு, அதைப் படிப்பதற்கு ஆளையும் தயார் செய்ய வேண்டியிருந்தது. பள்ளியில் இடமில்லாத, அலுவலகத்தில் மதிப்பில்லாத, எழுத்துமுறையே முடிவாகாத ஒரு மொழியில் கவிஞன் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு அவர்கள் ஆளுக்கொரு விடை கண்டார்கள். டிரெப்சிக் கண்ட விடை பாட்டு. அதன் பலம், பலவீனம் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில் பின்னணி. 1772இல் போலந்து முதன்முறை கூறுபோடப்பட்டபோது கஷுபிய நிலத்தின் பெரும்பகுதி பிரஷ்யாவின் கைக்குப் போனது. அதன் பிறகு ஒரு கஷுபிய விவசாயியின் நாளில் மூன்று மொழிகள் புழங்கின. வீட்டிலும் வயலிலும் கஷுபியம். கத்தோலிக்கத் தேவாலயத்தில் போலிஷ். பள்ளியிலும் நீதிமன்றத்திலும் ஜெர்மன். பிஸ்மார்க் காலத்தில் ஜெர்மனின் பிடி இன்னும் இறுகியது. எழுதப் படிக்கக் கற்ற கஷுபியருக்கும் தன் தாய்மொழியைப் படிக்கத் தெரியாது. கற்றுக்கொடுக்க யாருமில்லை, அச்சிட்ட தாளும் அரிது. பாடத் தெரியும். கஷுபியச் சாயல் படிந்த மிகப் பழைய அச்சுநூலே ஒரு பாட்டுப் புத்தகம்தான். பித்தோவ் ஊரின் லூத்தரன் போதகர் ஷிமோன் க்ரோஃபே, மார்ட்டின் லூத்தரின் பாடல்களைத் தம் மக்களுக்காக மொழிபெயர்த்து 1586இல் வெளியிட்டார். போலிஷ் மொழியில் எழுதத்தான் நினைத்தார்; ஊர்ப்பேச்சு உள்ளே நுழைந்துவிட்டது.

வேண்டுமென்றே கஷுபியத்தில் எழுத உட்கார்ந்த முதல் ஆள் ஃப்ளோரியன் செய்னோவா. 1817இல் பிறந்த விவசாயி மகன், மருத்துவம் படித்தவர். 1846இல் ஸ்டாரோகார்ட் நகரத்துப் பிரஷ்யப் படைமுகாமைத் தாக்க ஒரு கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு போனார். முயற்சி சண்டைக்கு முன்பே கலைந்தது. மரண தண்டனை விதித்து, பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைத்து, பெர்லினின் மோவாபிட் சிறையில் அடைத்தார்கள். 1848 புரட்சி அவரை விடுவித்தது. வெளியே வந்தவர் துப்பாக்கியை விட்டுவிட்டு எழுத்துமுறையைப் பிடித்தார். தாமே ஒரு எழுத்திலக்கணம் வகுத்தார், பழமொழிகளையும் பாட்டுகளையும் திரட்டினார், 1860களில் கஷுபியச் செல்வம் என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு வெளியீட்டையும் நடத்தினார். கஷுபியம் போலிஷின் கிளைமொழி அன்று, தனி ஸ்லாவிய மொழி என்பது அவர் கட்சி. படித்தவர்கள் கிறுக்கன் என்றார்கள், விவசாயிகளுக்கு அவர் எழுத்தைப் படிக்க வராது. மருத்துவராக அவரை நாடியவர்களோடு ஒப்பிட்டால் வாசகராக நாடியவர்கள் சொற்பமே.

டெர்டோவ்ஸ்கி நேர் எதிர்த்துருவம். வியெலே என்ற ஊரில் 1852இல் பிறந்தவர், குறும்புக்காரர், ஓரிடத்தில் நிற்காதவர். மீன்வலை வாங்க பூட்ஸ்க் நகரத்துக்குப் புறப்படும் சோர்லின்ஸ்கி என்ற ஏழைக் கனவானின் பயணத்தை 1880இல் நகைச்சுவைக் காவியமாகப் பாடினார். கஷுபியாவும் போலந்தும் ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை என்பது அவருடைய அரசியல். செய்னோவாவை அவர் கேலி செய்யவும் தயங்கவில்லை. பிற்பாடு அமெரிக்காவுக்குப் போய், மினசோட்டா மாநிலத்தின் வினோனா நகரில் போலிஷ் பத்திரிகை ஒன்றின் ஆசிரியராக இருந்து 1902இல் அங்கேயே இறந்தார். கஷுபியக் குடியேறிகள் திரண்டிருந்த ஊர் அது.

தனிமொழியா, கிளைமொழியா என்ற சண்டைக்கு இந்த இருவரும் இரண்டு முனைகள். 1893இல் ஸ்டெஃபான் ராமுவ்ட் க்ராகோவில் வெளியிட்ட அகராதி செய்னோவா பக்கம் சாய்ந்தது. போலிஷ் மொழியியலாளர்கள் பலர் கொதித்தெழுந்தார்கள். கூச்சல் பெரிதாக இருந்ததற்குக் காரணம் இலக்கணம் மட்டுமல்ல. போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லாத காலம் அது. கஷுபியர் வேறு இனம் என்று ஒப்புக்கொண்டால், கடலைத் தொடும் நிலத்தின் மீது போலந்துக்கு இருக்கும் உரிமை ஆட்டம் காணும் என்று அஞ்சினார்கள். 1920இல் போலந்துக்குக் கடற்கரை கிடைத்தபோது அது கஷுபியர் வாழ்ந்த கரையாகவே இருந்தது. அந்தப் பயம் அதோடு தீர்ந்துவிடவில்லை என்பதை டிரெப்சிக் தம் உத்தியோகத்தில் அனுபவித்துத் தெரிந்துகொண்டார்.

இடையில் ஒருவரைச் சொல்லாமல் தாண்ட முடியாது: அலெக்சாண்டர் மைக்கோவ்ஸ்கி. இவரும் மருத்துவர். 1908இல் 'கிரிஃப்' இதழைத் தொடங்கினார், 1912இல் இளம் கஷுபியர் சங்கத்தை உருவாக்கினார், 'ரெமூஸின் வாழ்வும் சாகசங்களும்' என்ற நாவலைப் பல ஆண்டுகள் எழுதினார். அதன் முழுப் பதிப்பு அவர் இறந்த 1938இல்தான் வந்தது. கஷுபிய உரைநடையின் உச்சம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் நூல் அது. நாயகன் ரெமூஸ் ஒரு பண்ணையாள். பேச்சு குழறும், அவன் சொல்வது பிறருக்குச் சரியாகப் புரியாது. ஒரு தள்ளுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக விற்கப் போகிறான். மண்ணுக்குள் அமிழ்ந்துபோன கோட்டையையும் அதன் இளவரசியையும் மீட்கும் கடமை அவனுக்குக் காட்டப்படுகிறது. வழிமறிப்பவை மூன்று பேய்கள்: அச்சம், உழைப்பின் பாரம், 'இதனால் என்ன பயன்' என்னும் சலிப்பு. முதல் இரண்டும் எல்லா நாட்டுக் கதைகளிலும் வரும். மூன்றாவது பேயைக் கண்டுபிடித்ததுதான் மைக்கோவ்ஸ்கியின் மேதைமை. கஷுபியத்தை அழித்ததில் பிரஷ்யச் சட்டத்துக்குப் பங்கு உண்டு. பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று பெற்றோர் நினைத்த நினைப்புக்கும் பங்கு உண்டு.

யான் டிரெப்சிக் 1907 அக்டோபர் 22 அன்று மிராஹோவோ அருகே ஸ்ட்ரிஷா பூடா என்ற சிற்றூரில் பிறந்தார். கோஷ்சியெஜினா ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்து முடித்து, இருபதை ஒட்டிய வயதில் கார்ட்டூசி வட்டாரத்தில் ஆசிரியரானார். சுதந்திரப் போலந்தின் பள்ளி அது. ஜெர்மன் போயிருந்தது, அந்த இடத்தில் போலிஷ் வந்திருந்தது. கஷுபியம் வாசலிலேயே நின்றது. வீட்டிலிருந்து கஷுபியத்தோடு வந்த குழந்தையைத் திருத்துவது ஆசிரியரின் வேலை என்று கருதப்பட்ட காலத்தில், திருத்த வேண்டியது பாடத்திட்டத்தை என்று நினைத்த சில ஆசிரியர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். அலெக்சாண்டர் லபூடா அவர்களில் ஒருவர், கூர்மையான அங்கதக்காரர். 1929இல் கார்ட்டூசியில் கஷுபியர் வட்டாரச் சங்கம் பிறந்தது. முதிய மைக்கோவ்ஸ்கி அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தார். 1933இல் 'ஸ்ஜெஷ் கஷெப்ஸ்கா' இதழ் வந்தது. அதைச் சுற்றி இயங்கியவர்களை அதன் பெயராலேயே இலக்கிய வரலாறு அழைக்கிறது. யான் ரோம்ப்ஸ்கி, ஸ்டெஃபான் பியெஷ்க், பாதிரியார் ஃப்ரான்சிஷெக் க்ரூச்சா ஆகியோர் இந்த வட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

இவர்களின் கோரிக்கை இன்று படித்தால் சாதுவாகத் தெரியும்: கஷுபியம் ஒரு மொழி, அதற்கு ஒரே சீரான எழுத்துமுறை வேண்டும், அதில் எல்லா விஷயமும் எழுத முடிய வேண்டும். அன்றைய அரசு இதைப் பிரிவினை என்று படித்தது. எல்லையோர மாவட்டம், பக்கத்தில் ஜெர்மனி, நடுவே தனியாட்சி நகரமாக க்டான்ஸ்க் என்ற நிலையில் எல்லாமே சந்தேகத்துக்குரியதாகத் தோன்றியது. 1930களின் நடுவில் டிரெப்சிக்கைக் கஷுபியாவிலிருந்து எடுத்து, தெற்கே வியல்கோபோல்ஸ்கா பகுதிக்கு மாற்றினார்கள். கவிஞனைச் சிறையில் போட்டால் தியாகியாகிவிடுவான்; இடமாற்ற உத்தரவில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் கணக்கு தப்பியது. மொழி பேசும் ஆளே இல்லாத அந்த ஊரில் இருந்துகொண்டுதான் அவர் தமது முதல் கஷுபியப் பாட்டுப் புத்தகத்தை 1935இல் வெளியிட்டார்.

பாட்டை அவர் தேர்ந்தெடுத்தது ரசனையால் மட்டுமென்று தோன்றவில்லை. கஷுபியாவில் பாட்டால் கற்பிக்கும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. அங்கே பிரபலமான ஒரு நாட்டுப்பாட்டு உண்டு. பலகையில் வரிசையாகப் படங்கள் வரைந்திருக்கும், ஒருவர் கோலால் சுட்டிக்காட்டப் பிறர் பாடுவார்கள், ஒவ்வொரு சுற்றிலும் புதிய படம் சேரும், பழையவற்றைப் பின்னோக்கிச் சொல்ல வேண்டும். கூடவே, பீப்பாயில் குதிரைமயிரைக் கட்டி இழுத்து உறுமவைக்கும் வாத்தியமும், தலையில் பூதமுகமும் மணிகளும் வைத்துத் தரையில் குத்தி ஒலிக்கும் 'பிசாசு வயலினும்' முழங்கும். படிக்கத் தெரியாதவருக்கு எழுத்தை அறிமுகப்படுத்துவதைவிடப் பாடத் தெரிந்தவருக்குப் புதுச்சொல்லை அறிமுகப்படுத்துவது எளிது என்பதை இசையாசிரியரான டிரெப்சிக் புரிந்துகொண்டார். அவர் மெட்டுகள் நாட்டுப்பாட்டின் சாயலில் இருக்கும், ஒருமுறை கேட்டால் நாவில் ஒட்டும். சொற்கள் அப்படியல்ல. போலிஷிலிருந்து வந்து குடியேறிய சொற்களை நீக்கி, பழைய சொற்களைத் தேடியெடுத்து, கிடைக்காத இடத்தில் தாமே ஆக்கி வைத்தார். ஃப்ரீட்ரிஹ் லோரென்ட்ஸ் என்ற ஜெர்மன் மொழியியலாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவுசெய்திருந்த, கஷுபியத்துக்கு நெருங்கிய ஸ்லோவின்ஸிய வழக்குகள் இந்தக் குழுவினருக்கு ஒரு சுரங்கம். வெப்ஸ்கோ ஏரிக்கரையில் அதைப் பேசிய மக்களோடு அந்த வழக்கு இருபதாம் நூற்றாண்டிலேயே மறைந்தது.

பிறகு போர். 1939 இலையுதிர்காலத்திலிருந்து வெய்ஹெரோவோவுக்கு அருகிலுள்ள பியாஷ்னிட்சா காட்டில் நாஜிகள் பல்லாயிரம் பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மதிப்பீடுகள் 12,000 முதல் 14,000 வரை போகின்றன. ஆசிரியர், பாதிரியார், ஊர்த்தலைவர் என்று பெயர் சொல்லித் தேடிப் பிடித்தார்கள். கஷுபியக் கவிஞரும் பாதிரியாருமான லேயோன் ஹெய்க்கே, ஸ்டாரோகார்ட் அருகே ஷ்பெங்காவ்ஸ்க் காட்டில் அதே ஆண்டு அக்டோபரில் கொல்லப்பட்டார். எஞ்சியவர்களை ஜெர்மன் இனப்பட்டியலில் கையெழுத்திட வற்புறுத்தினார்கள். கையெழுத்திட்டவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் ஜெர்மன் ராணுவத்திலிருந்து அழைப்பு வந்தது. டிரெப்சிக்கும் அப்படி இழுத்துச் செல்லப்பட்டவர்தான். இத்தாலியப் போர்முனையில் மறுபக்கம் தாண்டி, ஜெனரல் அண்டெர்ஸின் போலந்துப் படையில் சேர்ந்தார்; போர் முடிந்து ஊர் திரும்பினார். ஒரே போரில் இரண்டு சீருடை அணிந்த கஷுபியர் ஏராளம். வெளியே இருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்குவதில்லை. 2005 அதிபர் தேர்தலில், கஷுபியப் பின்னணி கொண்ட வேட்பாளர் டொனால்ட் டுஸ்க்கின் தாத்தா ஜெர்மன் ராணுவத்தில் இருந்தவர் என்ற செய்தி அவருக்கு எதிரான ஆயுதமாகவே பயன்பட்டது. க்டான்ஸ்கில் கஷுபியத் தாய்க்குப் பிறந்த குந்தர் கிராஸ், 'தகர முரசு' நாவலில் உருளைக்கிழங்கு வயலில் நான்கு பாவாடை உடுத்தி உட்கார்ந்திருக்கும் பாட்டியின் வாய்வழியாக இதைத்தான் சொல்லவைத்தார்: ஜெர்மானியருக்குப் போதுமான ஜெர்மன்தன்மையும் இல்லை, போலந்துக்காரருக்குப் போதுமான போலிஷ்தன்மையும் இல்லை.

போருக்குப் பின் டிரெப்சிக் வெய்ஹெரோவோவில் குடியமர்ந்து இசையாசிரியராக வேலை பார்த்தார். 'ஸ்ஜெஷ்' இதழ் 1945இல் மறுபிறவி எடுத்து 1947இல் நின்றுபோனது. ஸ்டாலின் காலம் முழுக்க மௌனம். 1956இல் அரசியல் சற்று இளகியதும் க்டினியாவில் கஷுபியச் சங்கம் தொடங்கப்பட்டது. அதுவே 1964இல் கஷுபிய-பொமரேனியச் சங்கமாகப் பெயர்மாறி இன்றும் இயங்குகிறது. பழைய வட்டத்தினர் மீது பிரிவினைக்காரர் என்ற பழி மறுபடியும் விழுந்தது. அரசு மாறியிருந்தது, வசைச்சொல் மாறவில்லை. தாலாட்டையும் மீனவர் பாட்டையும் நாட்டார்கலை என்ற பெயரில் மேடையேற்ற கம்யூனிஸ்ட் அரசு பணமே கொடுத்தது. பாடகர் குழு இருக்கலாம், மொழி என்ற கோரிக்கைதான் கூடாது. டிரெப்சிக் அந்த இடுக்கில் புகுந்து வேலை செய்தார். கிராமந்தோறும் இருந்த பாடகர் குழுக்கள் அவர் பாட்டுகளை எடுத்துச் சென்றன. கடலைப் பாடும் பாட்டு, குழந்தைப் பாட்டு, கிறிஸ்துமஸ் பாட்டு என்று பெருகி, பலவற்றை மக்கள் ஆசிரியர் பெயர் தெரியாமலேயே நாட்டுப்பாட்டு என்று நம்பிப் பாடத் தொடங்கினார்கள். ஒரு பாடலாசிரியருக்கு இதைவிடப் பெரிய வெற்றியும் இல்லை, வசூலாகாத கடனும் இல்லை.

1970இல் 'என் பாதை', 1977இல் 'விழிப்பு' ஆகிய கவிதைத் தொகுப்புகள் வந்தன. காடு, ஏரி, மூதாதையர், கஷுபியக் கதைகளில் வரும் ஸ்டோலெம் என்னும் அரக்கர்கள், உறங்கும் மொழியை எழுப்பும் அழைப்பு — இவை திரும்பத் திரும்ப வரும். கவிதை என்று மட்டும் பார்த்தால் அவர் பழமைவாதி. சீரும் இயைபும் தவறுவதில்லை, சந்தேகத்துக்கும் தனிமனித இருளுக்கும் இடம் குறைவு. அலோய்சி நாகெல் கட்டற்ற கவிதையையும் யான் ட்ஜெஷ்ஜோன் கனவும் அச்சமும் கலந்த நவீன மொழியையும் கொண்டுவந்தபோது, டிரெப்சிக்கின் வரிகள் ஒரு தலைமுறை பின்னால் நின்றன. இந்த விமர்சனம் நியாயமானதே. ஆனால் நாகெல் உடைத்துப் பார்க்கும்படியான ஒரு வடிவம் கஷுபியத்தில் அதற்குள் இருந்தது என்பதில் டிரெப்சிக்கின் பங்கு பெரியது.

புதுச்சொற்கள் பற்றிய குற்றச்சாட்டு இதைவிடக் கடுமையானது. மீனவனுக்குப் புரியாத கஷுபியம் யாருக்காக என்று கேட்டார்கள். இதற்கு நல்ல எதிர்நிலை பெர்னார்ட் சிஹ்தா என்ற பாதிரியார். டிரெப்சிக் பிறந்த அதே 1907இல் பிறந்த அவர், 1967 முதல் 1976 வரை ஏழு தொகுதிகளாக ஓர் அகராதி வெளியிட்டார். கிழவிகளின் வாயிலிருந்து கேட்ட சொல், அதோடு வரும் சடங்கு, நம்பிக்கை, வசை, நோய் மருந்து எல்லாம் அதில் உண்டு. இருந்ததைக் காப்பாற்றியது சிஹ்தாவின் அகராதி. டிரெப்சிக்கின் போலிஷ்-கஷுபிய அகராதி இல்லாததையும் உண்டாக்கப் பார்த்தது. போலிஷில் ஒரு விஷயத்தை நினைப்பவன் அதைக் கஷுபியத்தில் எப்படிச் சொல்வான் என்பதற்கு விடை தர அது முயன்றது. நிர்வாகம், கல்வி, அறிவியல் எதையும் விடவில்லை. பல பத்தாண்டு உழைப்பான அந்த நூலை அவர் அச்சில் பார்க்கவில்லை. 1989 செப்டம்பர் 3 அன்று, கம்யூனிச ஆட்சி கலைந்துகொண்டிருந்த வாரங்களில், வெய்ஹெரோவோவில் இறந்தார். மொழியியலாளர் யெஜி ட்ரெடெர் பதிப்பித்து 1994இல் இரண்டு தொகுதிகளாக அது வெளிவந்தது. தேவையான நேரத்தில் வந்த புத்தகம். 1991இல் க்வோட்னிட்சா என்ற குக்கிராமத்து ஆரம்பப் பள்ளியிலும் புரூசி ஊர் உயர்நிலைப் பள்ளியிலும் கஷுபியம் பாடமாகத் தொடங்கியிருந்தது. 1996இல் எழுத்துமுறை ஒருவழியாக முடிவானது. பாடநூல் எழுதியவர்களுக்கு 'முக்கோணம்', 'வினைச்சொல்' போன்றவற்றுக்கெல்லாம் சொல் வேண்டியிருந்தது. மீனவனுக்குப் புரியாத சொற்களை வகுப்பறை கேட்டது.

அவர் முன்னின்று பாடுபட்ட இன்னொரு காரியம், 1968இல் வெய்ஹெரோவோவில் தொடங்கிய கஷுபிய-பொமரேனிய எழுத்து, இசை அருங்காட்சியகம். எழுத்தையும் இசையையும் ஒரே கூரைக்கடியில் வைத்த அந்தப் பெயரே டிரெப்சிக்கின் வேலைத்திட்டம் என்று சொல்லலாம். அங்கே இப்போது கையெழுத்துப் பிரதிகளும் பாட்டுத் தாள்களும் பழைய இதழ்களும் ஒன்றாக இருக்கின்றன.

2005 ஜனவரியில் போலந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய சிறுபான்மையினர் சட்டம், கஷுபியத்தை நாட்டின் ஒரே வட்டாரமொழியாக ஏற்றது. பள்ளி இறுதித் தேர்விலும் அதை ஒரு பாடமாக எழுதலாம். 2006இல் பார்ஹோவோ ஊராட்சி அதைத் துணை அலுவல்மொழியாகப் பதிந்துகொண்டது. ஊர்ப்பெயர்ப் பலகைகள் இருமொழியாயின. ஜாஸ் இசைக்கலைஞர் ஓலோ வாலிட்ஸ்கி கஷுபிய வரிகளை வைத்து ஒரு முழுத் தொகுப்பே செய்தார். ஊர்விழாக்களில் டிரெப்சிக்கின் பாட்டுகள் ஒலிக்கின்றன.

கணக்கெடுப்பு வேறு கதை சொல்கிறது. வீட்டில் கஷுபியம் பேசுவதாகச் சொன்னவர்கள் 2011இல் சுமார் 1,08,000 பேர். 2021இல் அது 88,000க்குச் சற்றே குறைவு. வாரத்துக்கு மூன்று மணிநேரம் பள்ளியில் மொழியைக் கற்று, மேடையில் பிழையில்லாமல் பாடி, பரிசும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் பிள்ளையோடு பெற்றோர் போலிஷில் பேசுகிறார்கள். டிரெப்சிக்கின் வழியில் இருந்த ஓட்டை இதுதான் என்று தோன்றுகிறது. வீடு மொழியைப் பார்த்துக்கொள்ளும், நாம் பள்ளியின் வேலையைப் பாட்டால் செய்துவிடலாம் என்று அவர் தலைமுறை நம்பியது. இப்போது பள்ளி இருக்கிறது, பாட்டு இருக்கிறது. விட்டுப்போனது அவர்கள் யாரும் கவலைப்படாத இடம். தொட்டிலிலிருந்தே மொழியைக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பகுதியினர் பெற்றோரிடம் பிரசாரம் செய்கிறார்கள். 2011இல் உருவான 'கஷெப்ஸ்கா யெட்னோடா' அமைப்போ, கஷுபியரைத் தனி இனச் சிறுபான்மையாகச் சட்டம் ஏற்க வேண்டும் என்கிறது. டிரெப்சிக்கின் 'பிறந்த மண்'ணுக்கு எழுந்து நிற்பவர்கள் இந்த அமைப்பினர்தான். கஷுபிய-பொமரேனியச் சங்கம் அந்தக் கோரிக்கையில் சேரவில்லை. அது டெர்டோவ்ஸ்கியின் பக்கம் நிற்கிறது.